மோர் வராத பந்தி

(உணவும் உடல்நலமும் குறித்து விருதுநகரில் நடந்த கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விருதுநகரில் நின்றுகொண்டு காசின் மதிப்பைப் பற்றிப் பேசுவது துணிச்சலான காரியம். துவரம் பருப்பு, மல்லி, வத்தல், நல்லெண்ணெய் என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள மற்ற ஊர்க்காரர்கள் நாளிதழில் தேடுவது ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ பத்தியைத்தான். மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தே தரம் சொல்லும் வியாபாரிகள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். இப்படிப்பட்ட ஊரின் கணக்குப் புத்தி ஓர் இடத்தில் மட்டும் தடுமாறுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அது பஃபே மேசை. ‘கொடுத்த காசை எடுக்கணும்’ என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது தட்டுக்கு எழுந்து போகிறோம். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காசு வீணாகக் கூடாது என்று நினைப்பது பேராசை இல்லை. சிவகாசி வட்டாரத்தில் ஒரு பட்டாசுத் தொழிலாளி குடும்பம் தீபாவளி போனஸ் வாங்கியதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போகிறது. பஃபே ஆளுக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு 2,800. ஐந்து சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 2,940. பேருந்துக் கட்டணம் தனி. பல நாள் கூலி ஒரே வேளையில் போகிறது. அதுவும் எப்படிப்பட்ட கூலி? தீபாவளி முடிந்தால் ஆலைகள் மறுபடி திறக்கும்வரை கையில் வேலை இருக்காது. 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததையும், அப்போது வீடுகளில் அடுப்பெரிந்த விதத்தையும் நாம் மறக்கவில்லை. அந்தக் குடும்பத்துத் தகப்பனார் கொடுத்த காசுக்கு நிறைவு வேண்டும் என்று நினைப்பதில் நூற்றுக்கு நூறு நியாயம் இருக்கிறது. அந்த நிறைவு எங்கே கிடைக்கிறது என்பதில்தான் நாம் ஏமாந்து போகிறோம்.

நம் மண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இது கரிசல் காடு. மழை பெய்தால் விளைச்சல், பொய்த்தால் இல்லை. கம்பங்கஞ்சியும் சோளச்சோறும் கேப்பைக் கூழும்தான் அன்றாடச் சாப்பாடாக இருந்த காலம் உண்டு. ‘நெல்லுச்சோறு’ என்று தனிப் பெயர் வைத்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் காத்திருந்து சாப்பிட்ட தலைமுறை இன்னும் நம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறது. இந்த ஊரில் 1903இல் பிறந்த காமராசர் முதலமைச்சரானபோது, பசியோடு வரும் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. கிடைக்கும்போது வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொள் என்பது பசித்த காலத்தில் அறிவுள்ள வழக்கம். அடுத்த வேளைக்கு உறுதி இல்லாதபோது அது உயிரைக் காத்தது. அடுத்த வேளை வீட்டில் இட்லி மாவு காத்திருக்கும் காலத்திலும் அந்த வழக்கம் நம்மோடு பஃபேக்கு வருகிறது.

மொய்யையும் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் 500 ரூபாய் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காருகிறோம். எழுதிய தொகை ஒன்றுதான், சாப்பிடுவதற்கு எல்லை இல்லை. ஒரே கட்டணம், அளவில்லாச் சாப்பாடு. கணக்குப்படி பார்த்தால் பஃபே நமக்குப் புதிதே இல்லை. ஆனாலும் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்கள் பஃபேயில் சாப்பிட்டவர்களைப்போல் மூச்சு வாங்குவதில்லை. சமையல் கான்ட்ராக்ட் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், அது ஏன் என்று நான் கவனித்ததைச் சொல்கிறேன்.

ஒரு பந்தியை நினைத்துப் பாருங்கள். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைக்கிறீர்கள். ஓரத்தில் உப்பு, ஊறுகாய். ஒரு கரண்டி இனிப்பு. இரண்டு பொரியல், ஒரு கூட்டு, ஒரு பச்சடி, எல்லாமே கரண்டி நுனியளவு. நொறுங்காமல் ஓர் அப்பளம். பிறகு சோறு, பருப்பு, நெய். சாம்பார் வாளி வரும். அது போய் அடுத்த வரிசை முடித்துத் திரும்ப நேரமாகும். அதற்குள் பக்கத்து இலைக்காரரிடம் நாலு வார்த்தை பேசுவீர்கள். மறுசோறு, ரசம். பந்தி விசாரிக்கும் பெரியவர் வந்து, “அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் பாயசம் விடச் சொல்லவா?” என்பார். “போதும்ப்பா, நல்லா இருக்கு” என்று கையை இலைக்கு மேலே குறுக்கே நீட்டுவீர்கள். கடைசியில் மோர். மோர் வந்துவிட்டால் சாப்பாடு முடிந்தது. சாப்பிட்டு முடிந்ததென்று நாக்கும் வயிறும் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் இடம் அது. மோருக்குப் பிறகு யாரும் மறுபடி சாம்பார் கேட்பதில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம்.

இவ்வளவு கட்டுப்பாடும் நாம் போட்டுக்கொண்டது இல்லை. வாளி வரும் வேகமும் கரண்டியின் அளவும் இலையின் அகலமும் மோரும் போட்டவை.

‘முழுச் சாப்பாடு’ போர்டு மாட்டிய ஓட்டலிலும் இதே ஏற்பாடுதான். சோறு, சாம்பார், ரசம், மோர் எத்தனை முறை கேட்டாலும் வரும். அப்பளம் ஒன்று, இனிப்பு ஒன்று, தயிர் ஒரு கிண்ணம். வறுவலுக்கும் மீனுக்கும் தனிக் காசு. நம் விருதுநகர் எண்ணெய் பரோட்டாக் கடையில் பரோட்டா எண்ணிக்கைக் கணக்கு, சால்னாவுக்குக் கணக்கு இல்லை. மலிவானது அளவில்லாமல், விலையுள்ளதும் கொழுப்புள்ளதும் அளவோடு. கடைக்காரர் தன் லாபத்துக்காக வைத்த வரம்பு சாப்பிடுகிறவரின் உடம்பையும் காத்தது. இந்த வரம்புகள் அத்தனையையும் ஒரேயடியாக எடுத்துவிட்டதுதான் பஃபே. அங்கே மோர் கொண்டுவர ஆள் இல்லை. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. குலாப் ஜாமூன் சாப்பிட்டுவிட்டு மறுபடி சிக்கன் 65க்குப் போகலாம். போகிறோம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். மேசை நிறைய உணவு வைத்து அவரவர் எடுத்துச் சாப்பிடுவது சுவீடன் நாட்டு வழக்கம். அதை ‘ஒரே விலை, வேண்டிய மட்டும்’ என்று வியாபாரமாக்கிப் பெயர் வாங்கித் தந்தது அமெரிக்காவின் லாஸ் வேகஸ். 1940களில் அங்கே எல் ராஞ்சோ வேகஸ் என்ற சூதாட்ட விடுதியில் ஒரு டாலருக்கு இப்படி ஒரு மேசை போட்டார்கள். நோக்கம் விருந்தோம்பல் இல்லை. சூதாட வந்தவர் பசித்து வெளியே போய்விடக் கூடாது, அவ்வளவுதான். சாப்பாட்டில் விட்டதைச் சூதாட்டத்தில் எடுத்தார்கள்.

சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ என்று நேரு சொன்னதாகப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். பெரிய ஜப்பானுக்கும் பஃபேயில் ஒரு பங்கு உண்டு. டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் 1958இல் சுவீடன் பாணி மேசையை அங்கே கொண்டுவந்து அதற்கு ‘வைக்கிங்’ என்று பெயரிட்டது. இன்றைக்கும் ஜப்பானியர் பஃபேயை அப்படித்தான் அழைக்கிறார்கள். அதே நாட்டின் ஒகினாவா தீவில் வயிற்றில் பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் கை கழுவிவிடும் பழக்கமும் இருக்கிறது. நூறு வயதைக் கடந்தவர்களுக்குப் பேர்போன தீவு அது. நம் பக்கம் பாருங்கள்: 1922இல் சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்துதான் சிவகாசியின் தொழில் வரலாறு தொடங்கியது. நல்லதை வெளியூரில் கற்றுவந்து நமதாக்கிக்கொள்வது நமக்குக் கைவந்த வேலை. பஃபேயைக் கற்றுக்கொண்ட நாம் அந்த எட்டுப் பங்கையும் கூடவே கற்றுக்கொள்ளலாம். வெளியே தேடக்கூட வேண்டாம். திருக்குறளில் ‘மருந்து’ என்ற அதிகாரத்தைத் திறந்தால், வள்ளுவர் மூலிகைகளைவிடச் சாப்பாட்டின் அளவைப் பற்றித்தான் பேசுகிறார். முன்னால் சாப்பிட்டது செரித்ததா என்று பார்த்து, பசித்த பிறகு, அளவோடு சாப்பிடு என்பதுதான் அந்த அதிகாரத்தின் சாரம்.

இப்போது ‘கொடுத்த காசை எடுக்கணும்’ என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். கல்லாவில் 700 ரூபாய் கட்டியாகிவிட்டது. ஒரு கரண்டி சாப்பிட்டாலும் பத்துத் தட்டு சாப்பிட்டாலும் அந்த 700 திரும்பாது. நான்காவது தட்டு காசை மீட்டுத் தருவதில்லை. நெஞ்செரிச்சலைத்தான் தருகிறது, அதற்கு மாத்திரை வாங்க மறுநாள் இன்னும் காசு போகிறது. நம் வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். விலை சரிந்த சரக்கை, வாங்கிய விலையை நினைத்துக்கொண்டே கட்டிவைத்திருப்பவர் மேலும் நட்டப்படுவார், போனதைப் போனதென்று எழுதிவிட்டு அடுத்ததைப் பார்ப்பவர் பிழைப்பார்.

2017இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் இதை ஆராய்ந்தவர். 1980இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் பீட்சா பஃபே ஒன்றைச் சொல்கிறார். சாப்பிட வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குச் சாப்பாடு இலவசம், மற்றவர்கள் வழக்கம்போல் காசு கொடுத்தார்கள். பீட்சா ஒன்றே, பசியும் ஒன்றே. காசு கொடுத்தவர்கள்தான் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அந்தக் கூடுதல் துண்டுகளைக் கேட்டது அவர்கள் வயிறு இல்லை, அவர்கள் கொடுத்த காசு.

முதலாளி எப்படிப் பிழைக்கிறார் என்று கேட்பீர்கள். அவர் உங்கள் ஒருவரின் வயிற்றைப் பார்ப்பதில்லை, அன்று வரும் அத்தனை பேரின் சராசரியைப் பார்க்கிறார். ஒருவர் ஐந்து தட்டு சாப்பிட்டால் நாலு பேர் ஒன்றரைத் தட்டில் நிறுத்துவார்கள், பாட்டியும் பேரனும் அரைத் தட்டில் நிறுத்துவார்கள். மேசையின் முதல் பகுதியில் சூப், நூடுல்ஸ், ஃப்ரைட் ரைஸ், உருளைக்கிழங்கு வறுவல், நான் ரொட்டி வரிசையாக நிற்கும். மைதாவும் அரிசியும் உருளையும் மலிவு, வயிற்றையும் சீக்கிரம் நிரப்பும். மீனும் ஆட்டுக்கறியும் இறாலும் கொஞ்சம் தள்ளி இருக்கும், பெரும்பாலும் ஓர் ஆள் நின்று பரிமாறுவார். குளிர்பானத்துக்குப் பல இடங்களில் தனி பில். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, தொழில் நடக்கும் விதம் இது. ஆனால் எத்தனை தட்டு சாப்பிட்டும் நீங்கள் முதலாளியைத் தோற்கடிக்க முடியாது. அந்தப் பந்தயத்தில் எதிரே ஆளே இல்லை.

நாம் அதிகமாகச் சாப்பிட இன்னொரு காரணம் வகை. பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரே வகை சாண்ட்விச் வைத்தபோது சாப்பிட்டதைவிட, நான்கு வகை வைத்தபோது மக்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஒரு ருசி நாக்குக்குச் சலித்துவிடும், அடுத்த ருசி வந்ததும் பசி புதிதாகக் கிளம்பும். வயிறு நிறைந்தவருக்கும் ஐஸ்கிரீமுக்கு இடம் இருப்பதன் ரகசியம் அதுதான். கல்யாண இலையிலும் பதினைந்து வகை இருக்கிறதே என்றால், அது கரண்டி நுனியில் வருகிறது. பஃபேயில் முப்பது வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய கரண்டி.

ஆகவே நான் சொல்லும் வழி பட்டினி இல்லை, பஃபேக்குப் போகாதே என்பதும் இல்லை. தாராளமாகப் போங்கள். ஆனால் பந்தியின் வரம்புகளை நாமே கையோடு கொண்டுபோக வேண்டும்.

வீட்டிலிருந்தே தொடங்குவோம். ‘ராத்திரி பஃபே, அதனால் மத்தியானம் சாப்பிட வேண்டாம்’ என்று வயிற்றைக் காயப்போடுவது பெரும் தவறு. கொலைப்பசியோடு போகிறவர் முதல் பத்து நிமிடத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிவிடுவார். சர்க்கரை நோயாளிகள் இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி நாட்டில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். இந்த அவையிலும் ஏழில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை கீழே இறங்கி மயக்கம் வரலாம். ராத்திரி அளவு மீறிச் சாப்பிட்டால் மேலே ஏறும். ஒரே நாளில் இரண்டு ஆபத்து. மத்தியானம் லேசாக, ஆனால் கட்டாயமாகச் சாப்பிடுங்கள். மாத்திரை வேளையை விருந்துக்காக மாற்ற வேண்டுமானால் மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள்.

உள்ளே போனதும் தட்டை எடுக்காதீர்கள். வெறுங்கையோடு மேசையை ஒருமுறை சுற்றி வாருங்கள். சந்தைக்குப் போனால் முதல் கடையிலேயே மூட்டையைத் தூக்குவோமா? சுற்றி வரும்போது ஒவ்வொரு பாத்திரத்தையும் பார்த்து ஒரு கேள்வி: இது நம் வீட்டில், நம் ஊரில், இதைவிட நன்றாகக் கிடைக்குமா? கிடைக்குமென்றால் விட்டுவிடுங்கள். பால் இனிப்பு வைத்திருக்கிறார்களா? 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு பேருந்துப் பயணத்தில் இருக்கிறது. காரம் கொறிக்க வேண்டுமென்றால் சாத்தூர் சேவு இருக்கிறது. பரோட்டா வைத்திருக்கிறார்களா? நம் ஊர்க் கல்லில் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிந்து, கையால் பிய்த்துச் சால்னாவில் ஊறவைத்த பரோட்டாவைச் சாப்பிட்டவர் மூடிவைத்துத் துவண்ட பரோட்டாவுக்கு வயிற்றில் இடம் ஒதுக்கலாமா? இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் ஐந்தாறு பாத்திரம் மிஞ்சும். நீங்கள் இதுவரை சாப்பிட்டிராத ஒரு மீன் வகை, வீட்டில் செய்ய அடுப்பும் நேரமும் இல்லாத ஒரு தந்தூரி, பிள்ளைகள் பெயரை மட்டும் கேட்டிருந்த ஒரு கேக். 700 ரூபாய் கொடுத்தது இவற்றுக்காகத்தான். விலை உயர்ந்தது என்பதற்காக மட்டும் இறாலைக் குவிப்பதும் அதே பழைய கணக்குத்தான். உங்களுக்கு இறால் பிடிக்காதென்றால் அது இருநூறு ரூபாய்க்கு இருந்தாலும் உங்கள் தட்டில் அதன் மதிப்பு பூஜ்யம்.

சிறிய தட்டு இருந்தால் அதை எடுங்கள். முதல் சுற்றில் ஒவ்வொன்றும் ஒரு வாய் அளவு மட்டும். ருசி பாருங்கள். பிடிக்காததைத் தின்று தீர்க்க வேண்டிய கட்டாயம் வராத அளவுக்குக் கொஞ்சமாக எடுப்பதே இந்தச் சுற்றின் நோக்கம். பிறகு உட்காருங்கள், பேசுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச்சேரச் சுமார் இருபது நிமிடம் ஆகும். பந்தியில் சாம்பார் வாளி திரும்பி வரும்வரை தானாகக் கிடைத்த இடைவெளியை இங்கே நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டே சாப்பிடாதீர்கள், அதில் அளவும் தெரிவதில்லை, ருசியும் தெரிவதில்லை. இரண்டாவது சுற்றில், முதல் சுற்றில் பிடித்த இரண்டையோ மூன்றையோ வயிறார எடுத்துக்கொள்ளுங்கள். காய்கறி, சாலட் இவற்றோடு சேர்த்து எடுங்கள். ஒரு கிராம் எண்ணெயில் 9 கிலோகலோரி, ஒரு கிராம் மாவுச்சத்தில் 4. எண்ணெய் சொட்டும் வறுவல் ஒரு தட்டு, கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரிந்தாலும் உடம்புக்குப் பெரிய சுமை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மோரை நீங்களே வரவழையுங்கள். தமிழ்நாட்டுப் பஃபே மேசைகளில் ஓரமாக ஒரு பாத்திரத்தில் தயிர் சாதம் வைத்திருப்பார்கள், பெரும்பாலோர் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாவது சுற்று முடிந்ததும் அதில் ஒரு சிறு கரண்டி ஊறுகாயோடு எடுத்துச் சாப்பிடுங்கள். தயிர் சாதம் இல்லையென்றால் ஒரு டம்ளர் மோரோ வெறும் தயிரோ கேளுங்கள். பிறந்ததிலிருந்து தயிரோடு சாப்பாட்டை முடித்துப் பழகிய நாக்கு நமக்கு. அந்த ருசி வந்ததும் ‘முடிந்தது’ என்று உடம்பே சொல்லும். இனிப்பு வேண்டுமென்றால் பந்தி முறைப்படி முதலிலேயே ஒரு துண்டு எடுத்துவிடுங்கள். கடைசியில் வைத்தால்தான் அது நாலு வகையாகப் பெருகுகிறது.

பாதுகாப்பையும் கவனிக்க வேண்டும். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே இருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் ஆவி பறக்க வேண்டும். சூடு காக்கப் பாத்திரத்துக்கு அடியில் வைத்திருக்கும் தண்ணீர் ஆறி, மேலே எண்ணெய் உறைந்து கிடக்கும் குழம்பைத் தொடாதீர்கள். காலையில் வடித்து அறை வெப்பத்திலேயே கிடந்த சோறும் வயிற்றைக் கெடுக்கும், கறி மட்டும்தான் கெடும் என்பது தவறான எண்ணம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததை நினைவில் வையுங்கள். முடிந்தவரை மேசை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். உணவு புதிதாக இருக்கும், கூட்டமும் இருக்காது. வார நாள் மதியத்தில் பல ஓட்டல்களில் விலையும் குறைவு. காசை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் அங்கே மிச்சப்படுத்துங்கள்.

பிள்ளைகளிடம் ‘காசு கொடுத்திருக்கோம், தின்னு’ என்று சொல்லாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கு வயிறு நிறைந்தால் நிறுத்தத் தெரியும். அந்த அறிவை நாம்தான் அதட்டி அதட்டி மழுங்கடிக்கிறோம். நாலு வகை ருசி பார்த்துவிட்டு அரைத் தட்டில் நிறுத்திய பிள்ளை உங்கள் காசை வீணாக்கவில்லை.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டும் சொல்ல வேண்டும். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டுதலில் 1980களில் கோலாலம்பூரில் தொடங்கிய அன்னலட்சுமி உணவகம் பிறகு சிங்கப்பூர், பெர்த் என்று பரவியது. விரும்பியதைச் சாப்பிடலாம், மனத்துக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம் என்பது அங்கே கடைப்பிடித்த முறை. விலைப்பலகை இல்லாதபோது ‘கொடுத்த காசை எடுக்கணும்’ என்ற எண்ணத்துக்கே வேலை இல்லை. சாப்பிட்ட பிறகுதான் காசு, அதுவும் நம் மனம் சொல்வது. அளவில்லாச் சாப்பாட்டை இப்படி மரியாதையோடும் நடத்த முடியும் என்று நம் சமையலை வைத்தே காட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் மண்டப உரிமையாளர்களுக்கும் கல்யாண வீட்டாருக்கும் ஆலை முதலாளிகளுக்கும் சில வார்த்தைகள். பந்தியில் இலைக் கணக்கு பார்த்து அடுத்த உலையை வைப்போம், மிச்சம் குறைவு. பஃபேயில் கடைசி விருந்தாளி வரும்வரை எல்லாப் பாத்திரமும் நிறைந்திருக்க வேண்டும், அதனால் மிஞ்சுகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022இல் மட்டும் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணானது. கரிசல் காட்டில் ஒரு மூட்டை துவரை விளைவிக்க என்ன பாடு என்று தெரிந்த நாம் அதில் பங்கு சேர்க்கக் கூடாது. கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பு, விருந்துகளில் மிஞ்சிய நல்ல உணவை வாங்கிப் பசித்தவர்களிடம் சேர்க்கிறது. நம் மாவட்டத்து இளைஞர்கள் அதைப் போய்ப் பார்த்துக் கற்றுவர வேண்டும். மிச்சத்தை எடுத்துப்போக ஆள் யார் என்பதை விருந்து முடிந்து இரவு பதினொரு மணிக்கு யோசிக்காமல், மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே பேசி வையுங்கள். தட்டைச் சிறிதாக வையுங்கள். இனிப்புக்கும் வறுவலுக்கும் பரிமாற ஓர் ஆளை நிறுத்துங்கள். உட்கார நாற்காலி போடுங்கள். மேசையின் முடிவில் ஒரு பானை நிறைய மோர் வைத்து, பக்கத்தில் நின்று ஊற்றிக்கொடுக்க வீட்டுப் பெரியவர் ஒருவரை இருக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு ஐஸ்கிரீம் கவுண்டரின் செலவைவிடக் குறைவு.